காயப்பட்டவனைக் கழற்றி விடுவதா?



கொஞ்சம் நீளமான பதிவு. உதைபந்தாட்டம் பிடிக்காதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது வாசியுங்கள். அது நம்முடைய பிள்ளைகளைப் பற்றியது.

நம்மூர் செல்சி ரசிகர்களிடம் சில வருடமாக ஒரே பேச்சுத்தான். கப்டன் ரீஸ் ஜேம்ஸ் ஒரு மேட்ச் விளையாடவில்லை என்றால் போதும், வட்ஸ்அப் குரூப் முழுக்க ஆரம்பித்து விடும். "கண்ணாடிக் கால்", "சம்பளம் எடுக்கிற நோயாளி", "வித்துத் தொலைங்கடா". இதை எழுதுகிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்த பொடியன்மார். மரியாதையாக எழுதுகிறவர்களும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: "கழகம் என்ன தர்ம ஸ்தாபனமா சேர்?"

தர்ம ஸ்தாபனம் இல்லைதான். அதனால்தான் கடனைக் கட்டச் சொல்கிறேன். தன்னுடைய வேலையைச் செய்யப்போய்க் காயப்பட்ட ஆளுக்குக் கழகம் கடன்பட்டிருக்கிறது. அது எத்தனையாவது காயம் என்பது கணக்கில்லை. அவர் திரும்பி வந்து கோல் அடிப்பாரா, கப் தூக்குவாரா என்பதும் கணக்கில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் ஜேம்ஸையே எடுப்போம். ஆறு வயதில் செல்சிக்குள் வந்த பிள்ளை. 2021இல் மான்செஸ்டர் சிட்டியை வென்று சம்பியன்ஸ் லீக் எடுத்த அணியில் இருந்தவர். 2022இல் முழங்கால் காயத்தால் உலகக் கிண்ணத்தையே இழந்தார். 2023இல் கப்டன் ஆனார். அந்த வருடம் டிசம்பரில் தொடையின் பின்பக்கத் தசைக்குச் சத்திர சிகிச்சை நடந்தது. அப்போது நம்மூரில் அவரை ஏலம் போட்டு விற்காத ஆள் இல்லை. 2025 மே மாதம் கொன்பரன்ஸ் லீக் கிண்ணத்தையும், ஜூலையில் கழக உலகக் கிண்ணத்தையும் கப்டனாக நின்று தூக்கியவர் அதே ஆள்தான்.

"பார்த்தீர்களா, பொறுமைக்குப் பலன் கிடைத்தது" என்று இதோடு நான் முடித்திருக்கலாம். ரசிகர்களில் நல்லவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் அதுவும் பிழையான வாதம் என்பதுதான் என் கருத்து. பலன் வரும் என்பதற்காகக் கூட நின்றால் அது முதலீடு. பலன் வராத நாளில் அந்த வாதம் செத்து விடும். காயப்பட்டவர்களில் எல்லோரும் கப் தூக்கப் போவதில்லை. தூக்காதவருக்கு என்ன பதில்?

இன்டர் மிலானைப் பாருங்கள். 1997இல் பார்சிலோனாவிடமிருந்து பிரேசில் ரொனால்டோவை உலக சாதனை விலைக்கு வாங்கினார்கள். 1999 நவம்பரில் லெச்சே அணியுடனான மேட்சில் வலது முழங்கால் போனது. மாதக்கணக்கில் காத்திருந்து 2000 ஏப்ரலில் இத்தாலியக் கிண்ண இறுதிப் போட்டிக்கு மாற்று வீரராக இறங்கினார். லாசியோவுக்கு எதிராக ஆறேழு நிமிடம்தான் ஓடியிருப்பார். யாரும் தொடவில்லை. பந்தை வெட்டித் திரும்பும்போது அதே முழங்காலின் தசைநார் அறுந்து விழுந்து கத்தினார். அடுத்த பருவம் முழுவதும் ஒரு மேட்ச் கூட இல்லை. அந்தக் காலமெல்லாம் இன்டர் அவரை வைத்திருந்தது. 2002 உலகக் கிண்ணத்தில் 8 கோல் அடித்தார், இறுதிப் போட்டியில் ஜேர்மனிக்கு மட்டும் 2. அந்தக் கோடை முடியுமுன்னரே ரியல் மட்ரிட்டுக்குப் போய் விட்டார்.

இன்டர் ரசிகர்களுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் இருக்குமா? ஆனால் இதை வைத்து "பார்த்தாயா, கூட நின்றது நட்டம்" என்று சொல்கிறவரிடம் ஒன்று கேட்கிறேன். அந்த முழங்கால் யாருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு அறுந்தது? கடனைக் கட்டிய பிறகு, கடன் கொடுத்தவர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கவில்லை என்று கோபிக்கலாம். கடனே கட்டியிருக்கக் கூடாது என்று சொல்ல முடியாது.

அடுத்த கேள்வி: "எல்லோரும்தான் விளையாடுகிறார்கள். இவருக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப? உடம்பைப் பார்ப்பதில்லை, மனத்தைரியம் இல்லை."

ஒருமுறை கிழிந்த தசை மீண்டும் கிழிவதற்கான வாய்ப்பு அதிகம். விளையாட்டு வைத்தியத்தில் இது அடிப்படைப் பாடம். முதல் காயம்தான் இரண்டாவதற்குக் கதவைத் திறக்கிறது. சரியாக ஆறுவதற்குமுன் இறக்கினால் கதவு இன்னும் அகலமாகிறது. இறக்கியது யார்? அவசரப்பட்டது யார்? அட்டவணை போட்டது யார்? கடைசியில் பழி மட்டும் அந்தத் தசைக்கு.

2024 செப்டெம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரொட்ரி, மேட்ச்களின் எண்ணிக்கை தாங்க முடியாத அளவுக்குப் போகிறது, வீரர்கள் வேலை நிறுத்தத்துக்கு நெருங்கி விட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொல்லி ஒரு வாரம் ஆகவில்லை. ஆர்சனலுக்கு எதிரான மேட்சில் அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. அடுத்த மாதம் உலகின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருதை வாங்க ஊன்றுகோலில் வந்தார். அவருக்கு மனத்தைரியம் இல்லையா?

வலியைத் தாங்கி விளையாடுபவரைத்தான் நாம் வீரன் என்கிறோம். சரி, அந்த வீரத்தின் விலையையும் தெரிந்து கொள்ளுங்கள். ஆர்ஜென்டீனாவின் பட்டிஸ்டுடா 2001இல் ரோமா இத்தாலிய லீக்கை வென்றபோது 20 கோல் அடித்தவர். காலில் ஊசி போட்டுப் போட்டு விளையாடினார். ஓய்வு பெற்ற பின் கணுக்கால் வலியில் படுக்கையிலிருந்து எழுந்து கழிவறைக்குப் போக முடியாத நிலை. வைத்தியரிடம் போய்க் காலையே வெட்டி விடுங்கள் என்று கேட்டதாக அவரே பின்னர் சொன்னார். அந்த 20 கோலுக்கும் கைதட்டிய எத்தனை பேருக்கு அந்தக் கால்களின் பிற்காலம் தெரியும்?

"கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள், அதற்குள் எல்லாம் அடங்கும்" என்பது அடுத்த வாதம். அங்குள்ள சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் பொதுவான ஒப்பந்தப் படிவத்தில் நீண்ட காலக் காயத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. நிரந்தரமாக விளையாட முடியாமல் போனால் ஒழிய, ஒரே காயத்தால் 20 மாதங்களுக்குள் 18 மாதம் விளையாட முடியாமல் போன பிறகுதான் கழகம் நோட்டீஸ் கொடுக்கலாம். அந்த நோட்டீஸ் காலத்திலும் ஒரு வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். காயம் எப்படி வந்தது என்பதைப் பொறுத்து அது 12 மாதம் அல்லது 6 மாதம். காயப்பட்டவர் மீது எங்களுக்குப் பொறுப்பு இருக்கிறது என்று கழகங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கின்றன. காசுதான் பெரிதென்று நாம் திட்டும் அந்த லீக்கே இதை எழுதி வைத்திருக்கிறது. நம்முடைய வாய்தான் அதற்கும் கீழே போகிறது.

கூட நிற்பது என்றால் என்ன என்பதையும் சொல்லி விடுகிறேன். இல்லாவிட்டால் "அப்போ நொண்டிக்கொண்டு நிற்பவரை இறக்கச் சொல்கிறீர்களா சேர்" என்று கொமெண்ட் வரும்.

அணியில் இடம் கொடுப்பது வேறு, கூட நிற்பது வேறு. பதினொரு பேரில் ஒருவராக நிற்க உடல் தகுதி வேண்டும். அந்த இடத்தில் இரக்கத்துக்கு வேலையில்லை. நல்ல நிலையில் இருக்கும் இளம் வீரனை வெளியில் உட்கார வைத்துவிட்டுப் பெயருக்காக ஒருவரை இறக்கினால் அது அந்த இளைஞனுக்குச் செய்யும் அநியாயம். கப்டன் பொறுப்பு யாருக்கு என்பதும் நியாயமாக விவாதிக்கக்கூடிய விஷயம். ஆயுள் முழுக்க ஒப்பந்தம் கொடுக்கச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை.

ஆர்சனலில் இதைக் கண் முன்னே பார்த்தோம். அபு டியாபி என்ற பிரெஞ்சுக்காரர் 2006 ஜனவரியில் வந்தார். நான்கு மாதத்துக்குள் சண்டர்லாண்ட் மேட்சில் ஒரு முரட்டு மோதலில் கணுக்கால் உடைந்தது. அதன் பின்விளைவுகள் அவரை விடவே இல்லை. ஒரு காயம் ஆறும்போது இன்னொன்று. ஆனாலும் 2015இல் ஒப்பந்தம் முடியும்வரை கழகம் அவரை வைத்திருந்தது. முடிந்ததும் கை கொடுத்து அனுப்பியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடனுக்கு ஓர் எல்லை உண்டு. எல்லை வரைக்கும் போனார்களா என்பதுதான் கேள்வி.

அதே கழகத்தில் சான்டி கசோர்லா. 2014 எப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில் ஹல் சிட்டிக்கு எதிராக ஆர்சனல் 0-2 என்று பின்தங்கியிருந்தபோது பிரீகிக்கில் முதல் கோலைப் போட்டு உயிர் கொடுத்தவர். ஒன்பது வருடத்துக்குப் பிறகு கிடைத்த கிண்ணம் அது. 2016 ஒக்டோபரில் காயப்பட்டார். அதன்பின் ஆர்சனலுக்காக ஒரு நிமிடம் கூட விளையாடவில்லை. சத்திர சிகிச்சைக்குமுன், மன நிம்மதியோடு போகட்டும் என்று பயிற்சியாளர் வெங்கர் அவருடைய ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீடித்துக் கொடுத்தார். பிறகு நடந்ததுதான் கொடுமை. காலில் கிருமி தொற்றிக் குதிகால் தசைநாரைச் சென்ரிமீற்றர் கணக்கில் தின்று விட்டது. பத்துக்குக் குறையாத சத்திர சிகிச்சைகள். கையிலிருந்து தோலை வெட்டிக் கணுக்காலில் ஒட்டினார்கள். கையில் பச்சை குத்தியிருந்த மகளின் பெயரில் பாதி இப்போது காலில் இருக்கிறது. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தால் அதுவே போதும் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என வைத்தியர்கள் சொன்னார்கள்.

அந்த இரண்டு வருடச் சம்பளத்தால் ஆர்சனலுக்குக் கிடைத்தது என்ன? ஒரு கோலும் இல்லை. விற்றுக் காசும் இல்லை. 2018இல் ஒப்பந்தம் முடிந்து போனார். வில்லாரியல் அணிக்காக மீண்டும் ஓடினார், ரியல் மட்ரிட்டுக்கு எதிராக ஒரே மேட்சில் இரண்டு கோல் அடித்தார், ஸ்பெயின் அணிக்கே திரும்பினார். 2025இல் நாற்பது வயதில், சிறு வயதில் வளர்ந்த ஒவியேடோ கழகத்தை முதல்தர லீக்குக்கு ஏற்றிவிட்டார். இதில் ஒன்றுகூட ஆர்சனலின் கணக்கில் வரவு இல்லை. ஆனால் அந்த ஆர்சனலை நினைத்து யாராவது வெட்கப்படுகிறார்களா? நான் சொல்லும் கடன் இதுதான்.

டொட்டன்ஹாம் லெட்லி கிங்கையும் சொல்ல வேண்டும். முழங்காலில் குருத்தெலும்பே இல்லை. மற்றவர்களைப்போல் வாரம் முழுக்கப் பயிற்சி எடுத்தால் கால் வீங்கி விடும். ஆகவே கழகம் அவருக்காகத் தன் வழமையையே மாற்றியது. நீச்சல் தடாகமும் ஜிம்மும் மட்டும், பிறகு நேரே மேட்ச். 2008 லீக் கிண்ணத்தைக் கப்டனாகத் தூக்கினார். 2012இல் இனி முடியாது என்று 31 வயதில் விலகியபோது கழகத்தின் தூதுவராக வைத்துக்கொண்டார்கள். அவருக்கு என்ன முடியும் என்று கேட்டுப் பார்த்து, அதற்கேற்ப வேலை கொடுத்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள்.

என் கணக்கில் கூட நிற்பது என்றால் நான்கு விஷயம்:

1. காயம் ஆறும்வரை சிகிச்சைச் செலவு கழகத்துடையது.
2. எப்போது திரும்புவது என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும். புள்ளிப் பட்டியல் சொல்லக்கூடாது.
3. ஒப்பந்த காலம் முடியும்வரை கொடுத்த வாக்கு நிற்க வேண்டும். பிரிவதானால் முகத்துக்கு நேரே சொல்லிப் பிரிய வேண்டும்.
4. காயத்தைக் குணக்குறையாகப் பேசக்கூடாது. கழகமும் பேசக்கூடாது, ரசிகரும் பேசக்கூடாது.

இப்போது கடைசிப் பகுதிக்கு வருகிறேன்.

லண்டனில் இருக்கும் ஜேம்ஸுக்கு நாம் எழுதுவது தெரியப் போவதில்லை. அவருக்கு வைத்தியர் இருக்கிறார், காப்புறுதி இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தைகளை நம்மூர்ப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். மைதானத்தில் விழுந்தால் தங்களைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று அதிலிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள்.

அவனுக்கு ஒப்பந்தம் இல்லை. காப்புறுதி இல்லை. மழை இல்லாத மாதங்களில் மைதானம் சிமெந்துத் தரை மாதிரி. முழங்கால் திரும்பினால் முதலில் ஸ்பிரே, பிறகு பன்டேஜ், பிறகு முறிவு நெரிவு வைத்தியரின் எண்ணெய். நடக்க முடிந்தால் "சரியாயிட்டு" என்று தீர்ப்பு. அடுத்த வாரம் வலய மட்டப் போட்டி, அல்லது பெருநாள் டோனமென்ட் பைனல். "ஒரு மேட்ச்தான்டா, கட்டிக்கிட்டு இறங்கு." இறங்குகிறான். அந்த ஒரு மேட்சில் மிச்சமும் போகிறது. ஸ்கேன் எடுக்கவும் சத்திர சிகிச்சைக்கும் அலைவது வாப்பா. கடலுக்கோ வயலுக்கோ போய்க் கொண்டுவரும் நாட்கூலியில் கொழும்புக்கு பஸ் ஏறுவதும் அவர்தான். புது ஜேர்ஸிக்கும் கிண்ணத்துக்கும் வெடிக்கும் காசு சேர்க்கத் தெரிந்த கழகத்துக்கு, ஒரு ஸ்கேனுக்குக் காசு சேர்க்கத் தோன்றுவதில்லை. இரண்டு மாதத்தில் அவனுடைய இலக்கத்தில் வேறொருவன் ஓடுகிறான். மூன்றாம் மாதம் அவனைக் கழக குரூப்பிலும் காணோம். மைதானத்துக்கு வெளியே ஊன்றுகோலோடு நிற்பவனைப் பார்த்து "டேய் ஜேம்ஸ்" என்று சிரிக்கிறார்கள்.

பாடசாலைகளும் இதில் சுத்தமில்லை. பதினாறு வயதுப் பிள்ளையின் கணுக்காலைவிட வலயக் கிண்ணம் பெரிதாகத் தெரியும் நேரங்கள் ஆசிரியர் சமூகத்தில் இருக்கின்றன. அதிபர் மேசையில் கிண்ணம் இருக்கும். காலை இழுத்து நடப்பவன் வீட்டில் இருப்பான்.

"ஊர்க் கழகத்துக்கு ஏது காசு?" என்பீர்கள். அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு டோனமென்டுக்கு அணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரர்கள் கிண்ணத்துக்கு அனுசரணை தரும்போது, பரிசுப் பணத்தைக் கொஞ்சம் குறைத்துக் காயநிதிக்குத் தரும்படி கேளுங்கள். பொருளாளர் அதைத் தனிக் கணக்கில் வைத்து வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கட்டும். யாப்பில் ஒரு வரி சேருங்கள்: காயப்பட்ட வீரர் வைத்தியரின் கடிதம் இல்லாமல் இறங்கக்கூடாது, பயிற்சியாளர் கேட்டாலும் சரி, வீரரே கெஞ்சினாலும் சரி.

காசே செலவில்லாத ஒன்றும் இருக்கிறது. காயப்பட்டவனைப் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். கோடு போட, நேரம் பார்க்க, சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து தட்டக் கற்றுக்கொடுக்க அவனால் முடியும். லெட்லி கிங்குக்கு டொட்டன்ஹாம் செய்தது இதைவிடப் பெரிய தத்துவம் இல்லை.

அடுத்த டோனமென்டுக்கு நோட்டீஸ் அடிக்கும்போது முதல் பரிசு எவ்வளவு, இரண்டாம் பரிசு எவ்வளவு என்று பெரிய எழுத்தில் போடுவீர்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்திலாவது காயநிதி எவ்வளவு என்று போடுங்கள். போடும் கழகத்துக்கு என்னுடைய பங்காக இந்த மாதச் சம்பளத்திலிருந்து முதல் ஐயாயிரம் ரூபாய் தருகிறேன், இன்ஷா அல்லாஹ். மற்ற ஆசிரியர்களும் கொமெண்டில் தங்கள் பங்கை எழுதுங்கள். கழகச் செயலாளர்கள் பதில் எழுதுங்கள்.

ரீஸ் ஜேம்ஸை விற்பதா வைப்பதா என்பதைச் செல்சி பார்த்துக்கொள்ளும். நம் கழகத்தில் இந்த வருடம் காயப்பட்டவர்கள் யார் யார், அவர்கள் வீட்டுக்கு யாராவது போனீர்களா என்பதை முதலில் சொல்லுங்கள்.